கப்பல் பெராமாவில், கையில் ஒரு நாள்தான்: ஏதென்ஸ் மியூசியத்தில் எதைப் பார்ப்பது?

கேட்டவர்: வத்தைக்காரர் மகன், கீழக்கரை

எல்லோருக்கும் சலாம், வணக்கம்.

நான் சரக்குக் கப்பலில் மோட்டார்மேன். கப்பல் இப்போது கிரீஸில், பிரேயஸ் துறைமுகத்தை அடுத்த பெராமாவில் பழுதுபார்க்கக் கட்டிக் கிடக்கிறது. ஏழு மாதமாக இன்ஜின் ரூம் சூட்டைத் தவிர வேறொன்றையும் பார்க்காதவனுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை முழு நாள் லீவு. காலை ஏழு மணிக்கு இறங்கினால் இரவு எட்டுக்குள் திரும்பி கேங்வே ஏறிவிட வேண்டும்.

கூட இருக்கிற பிலிப்பினோ பசங்கள் அக்ரோபோலிஸ் மலைக்குப் போய் போட்டோ எடுத்துக்கொண்டு அப்படியே கடைத்தெருவுக்குப் போவதாகச் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். முந்தாநாள் வாப்பாவிடம் போனில் பேசியதில் திட்டம் மாறிவிட்டது.

வாப்பா சங்கு குளித்தவர். பதினாறு வயதில் வத்தையில் (பாய்ப் படகில்) ஏறியவர், முப்பது வருஷத்துக்கு மேல் குளித்தார். வலது காது சுத்தமாகக் கேட்காது. இப்போது சாயங்காலமானால் படகுத் துறையின் ஜெட்டிப் பாலத்தில் போய் உட்கார்ந்து போகிற வருகிற வத்தையை எண்ணிக்கொண்டிருப்பார். ஏதென்ஸ் என்று நான் சொன்னதுமே, "அங்கதான் குளியாளுக கடலுக்குள்ள இருந்து எடுத்த சிலையெல்லாம் ஒரு மியூசியத்துல இருக்காம். டீக்கடையில ஒரு பய போன்ல காட்டுனான். பாதி ஆளைக் கடல் தின்னுருக்கு, பாதி ஆள் முழுசா இருக்கான். அதைப் பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லு" என்றார். வாப்பா என்னிடம் இதுவரை எதையும் வாங்கி வா என்று கேட்டதில்லை. முதல் தடவையாகக் கேட்டது இதைத்தான்.

எனக்கு மியூசியம் என்றால் எட்டாவது படிக்கும்போது எழும்பூருக்குச் சுற்றுலா போனதோடு சரி. அதிலும் திமிங்கில எலும்பு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. அதனால் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வாப்பா சொன்ன சிலை எந்த மியூசியத்தில் இருக்கிறது? பெராமாவில் இருந்து எப்படிப் போவது? ஒரு நாளில் மலையும் பார்த்து இதையும் பார்க்க முடியுமா? படிப்பில்லாத ஆள் உள்ளே போனால் ஏதாவது புரியுமா?

ஷார்ஜா மச்சான்

மாப்ளே, மூக்கு உடைஞ்ச சிலையைப் பார்க்கவா ஏழு மாதம் கழித்துக் கரை இறங்குகிறாய்? மலைக்குப் போ, நல்ல சாப்பாடு சாப்பிடு, வீட்டுக்கு ஆலிவ் எண்ணெய் வாங்கு. சிலை போட்டோ இன்டர்நெட்டில் கிடக்கிறது, வாப்பாவுக்கு அனுப்பிவிடு. அவருக்கு என்ன தெரியப்போகிறது.

தெற்குவாடி

தம்பி, மச்சான் பேச்சைக் கேட்காதே. வாப்பாவுக்குத் தெரியும். மச்சானுக்குத்தான் தெரியாது.

நான் பாம்பன்காரன். கப்பலில் டெக்கில் சேர்ந்து, டெக் ஆட்களுக்குத் தலைவனான போசனாகக் கரை இறங்கியவன். நீ கேட்கிற இடம் ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம், பட்டிசியோன் தெருவில். இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை போனது வீண். அந்த வீணைச் சொன்னால் உனக்கு ஒரு நாள் மிச்சம்.

அன்று வாசலில் நுழைந்ததும் கூட்டம் போகிற பக்கமே போனேன். கூட்டம் நேரே தங்கத்துக்குத்தான் போகும். 1876-ல் ஷ்லீமான் என்ற ஜெர்மன்காரர் மைசீனி என்ற பழைய கிரேக்க ஊரில் கல்லறைகளைத் தோண்டி எடுத்த புதையல் அது. செத்தவன் முகத்தில் வைத்த தங்க முகமூடி ஒன்று உண்டு. டிராய் சண்டையில் கிரேக்கப் படையை நடத்தியதாகச் சொல்கிற அகமெம்னான் ராஜாவின் முகம் என்று அவர் சொல்லிவிட்டார், பெயரும் அப்படியே நின்றுவிட்டது. டிராய் சண்டை நடந்ததாகச் சொல்கிற காலத்துக்குச் சில நூறு வருஷம் முந்தியது அந்த முகமூடி என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதற்கு முன்னால்தான் போட்டோ எடுக்கிற நெரிசல் எல்லாம். எனக்கு அதைவிடப் பக்கத்தில் இருந்த ஒன்றுதான் மனதில் நின்றது. ஒரு கைக்குழந்தையின் உடம்பை மூடிப் புதைத்த தங்கத் தகடு, குட்டிக் கையும் காலுமாக. அதற்கு முன்னால் யாரும் நிற்கவில்லை.

அங்கிருந்து பளிங்குச் சிலைகள். இடது காலை முன்னால் வைத்து விறைப்பாக நிற்கிற இளைஞர்கள். சூனியன் முனையில் கிடைத்தவன் மூன்று மீட்டர் உயரம். வரிசையாக எல்லாவற்றையும் பார்த்தேன். எழுதி வைத்ததையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்தேன். இரண்டரை மணி நேரத்தில் கெண்டைக்கால் தசை கல்லாகிவிட்டது. கடலில் எடுத்தவை இருக்கும் பக்கம் வந்தபோது மூடப் போகிறோம் என்று காவலர் கையைத் தட்டினார். கால் மணி நேரத்தில் ஓட்டமாகப் பார்த்தேன். கப்பலுக்குத் திரும்பிப் படுத்தவனுக்குத் தூக்கம் வரவில்லை. நான் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் வந்துவிட்டேன் என்பது உறைத்தது. ஆறு வருஷம் கழித்து மறுபடி பிரேயஸ் வந்தபோதுதான் அந்தக் கடன் தீர்ந்தது.

அதனால் நீ தங்கத்தை விட்டுவிட்டுக் கடலுக்குப் போ.

முதலில் வெண்கலம். கிரேக்கர்கள் ஆயிரக்கணக்கில் வெண்கலச் சிலை வார்த்தவர்கள். இன்றைக்கு மிஞ்சியவை விரல் விட்டு எண்ணுகிற மாதிரிதான். ஏன் தெரியுமா? கரையில் நின்ற சிலையை எல்லாம் பின்னால் வந்தவர்கள் உருக்கிவிட்டார்கள். காசாகவும் கத்தியாகவும் அண்டாவாகவும் போய்விட்டது. நம் ஊரில் பழைய வத்தையை உடைத்தால் முதலில் செம்பு ஆணியைப் பிடுங்கி எடைக்குப் போடுவார்களே, அதே கதைதான். கப்பலோடு மூழ்கிப் போனதுதான் தப்பித்தது. ஐயோ, கடலில் போயிற்றே என்று அன்றைக்கு எவன் தலையில் அடித்துக்கொண்டானோ, அவன் சரக்குதான் இன்றைக்கு நம் கண்ணுக்குக் கிடைக்கிறது.

அர்டெமிசியன் முனைக் கடலில் 1926-ல் ஒரு கையும் 1928-ல் மீதியுமாக வந்த ஆள் இருக்கிறான். உயரம் 2.09 மீட்டர். இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு மேல் வயது. இடது கையை முன்னால் நீட்டி, வலது கையைப் பின்னால் இழுத்து, எதையோ எறியப் போகிறான். கையில் இருந்த பொருள் இல்லை. கடல் சாமி பொசைடன், சூலாயுதம் எறிகிறார் என்று சிலர் சொல்கிறார்கள். தெய்வங்களுக்கு ராஜாவான சீயஸ், இடி எறிகிறார் என்று மற்றவர்கள். நான் மண்டா (மீன் குத்தும் ஈட்டி) எறிகிற ஆட்களோடு வளர்ந்தவன். அந்தக் கால் நிற்கிற நிலை, பின்குதிகால் எழும்புகிற விதம் எல்லாம் பார்த்தால் அவன் கடல்காரன்தான். யார் என்ன சொன்னாலும் என் ஓட்டு பொசைடனுக்கு. அவனைச் சுற்றி ஒரு வட்டம் நட. பின்பக்கமும் பார். போட்டோவில் முன்பக்கம் மட்டும்தான் வரும்.

அவன் கிடைத்த அதே கப்பல் சிதைவில்தான் ஒரு குதிரையும் அதன்மேல் ஒரு பொடியனும் வந்தார்கள். குதிரை துண்டு துண்டாக வந்து ஒட்டவைத்தது. பொடியனுக்குப் பத்து வயது இருக்கலாம். ராஜா வீட்டுப் பிள்ளை முகம் இல்லை, வேலைக்காரப் பையன் முகம். நெற்றி சுருங்கி, வாய் லேசாகத் திறந்து, குதிரையை விரட்டுகிறான். நம் பக்கம் மாட்டு வண்டிப் பந்தயத்தில் சாரதி பக்கத்தில் தொற்றிக்கொண்டு ஓடுகிற பையன்கள் முகத்தைப் பார்த்திருக்கிறாய் அல்லவா, அதுதான்.

இனி வாப்பா சொன்ன கப்பல். அன்டிகிதேரா என்பது கிரேக்கத்துக்கும் கிரீட் தீவுக்கும் நடுவில் உள்ள சின்னத் தீவு. 1900-ல் சிமி தீவைச் சேர்ந்த கடற்பஞ்சு குளிக்கிற ஆட்கள் புயலுக்கு ஒதுங்கி அங்கே நங்கூரம் போட்டார்கள். கடற்பஞ்சு என்றால் தெரியுமில்லையா, அந்தக் காலத்தில் குளிக்கவும் துடைக்கவும் உலகமெல்லாம் விற்ற சரக்கு. நமக்குச் சங்கு எப்படியோ அவர்களுக்கு அது. சும்மா இருப்பானேன் என்று ஒருவன் இறங்கினான். எலியாஸ் ஸ்டாடியாட்டிஸ் என்று பெயர். கித்தான் உடுப்பு, தலைக்குச் செம்புக் குடம், மேலிருந்து காற்றுக் குழாய். இறங்கிய வேகத்தில் கயிற்றை ஆட்டி மேலே வந்து, கீழே பிணமும் குதிரையுமாகக் குவிந்து கிடக்கிறது என்று உளறினான். சம்மாட்டி, அதாவது படகுத் தலைவர், திமித்ரியோஸ் கோண்டோஸ் அவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்துத் தானே இறங்கினார். மேலே வரும்போது அவர் கையில் ஒரு வெண்கலக் கை இருந்தது.

ஆழம் 45 மீட்டர் பக்கம். நம் கணக்கில் 25 பாகம். உன் வாப்பா மூச்சைப் பிடித்துக் குளித்தது ஆறேழு பாகத்தில் இருக்கும், அவரிடமே கேட்டுப் பார். அந்த ஆழத்தில் அரசாங்கம் கப்பல் கொடுத்து, அதே குளியாட்கள் மாதக்கணக்கில் இறங்கி ஏறி எடுத்துக் கொடுத்த சரக்குதான் நீ பார்க்கப் போகிறது. ஒரு குளியாள் செத்தான். இரண்டு பேருக்குக் கைகால் விளங்காமல் போயிற்று. 1901 கோடையில் வேலையை நிறுத்தினார்கள். ஆழத்தில் இருந்து வேகமாக ஏறினால் ரத்தத்தில் காற்று கொப்பளித்துவிடும் என்பது அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்படவில்லை. நம் கரையிலும் சிலிண்டர் போட்டு ஆழத்துக்குப் போய்க் கால் விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கப்பல் கி.மு. முதல் நூற்றாண்டில் மூழ்கியது. அதில் வந்த வெண்கல இளைஞன் ஒருவன் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறான், கையில் உருண்டையாக எதையோ பிடித்திருந்த மாதிரி விரல்கள். தாடியும் கலைந்த முடியுமாக ஒரு கிழவர் தலை மட்டும் உண்டு. தத்துவ ஞானி என்கிறார்கள். எனக்கு மூன்று நாள் கடலில் தத்தளித்து வந்தவர் மாதிரி இருந்தது. கண்ணாடிக் கிண்ணங்கள் சில கீறல் இல்லாமல் வந்திருக்கின்றன. பளிங்கு அரித்துப்போன இடத்தில் கண்ணாடி எப்படித் தப்பியது என்று நின்று யோசித்தேன்.

பளிங்குதான் உன் வாப்பா சொன்னது. ஒரு பையன், மல்யுத்தம் செய்கிற பையன் என்கிறார்கள், குனிந்து பிடிபோடத் தயாராக நிற்கிறான். பாதி உடம்பு நேற்றுச் செதுக்கினது போல வழவழ. மீதிப் பாதி தனுஷ்கோடி சர்ச் சுவர் மாதிரி ஓட்டை ஓட்டையாக, முகம் எது தோள் எது என்று தெரியாமல். கல்லைத் துளைக்கிற சிப்பியும் மற்ற ஜந்துக்களும் செய்த வேலை. மண்டபம் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த என் மைத்துனர் சொல்வார், நம் சங்கையும் முத்துச்சிப்பியையும் துளைக்கிறது புழு மட்டும் இல்லை, கடற்பஞ்சிலேயே ஒரு ஜாதி துளைக்கும் என்று. கடற்பஞ்சு தேடிப் போனவன் கையில் கடற்பஞ்சும் சேர்ந்து தின்ற சிலை கிடைத்தது என்றால் பார்த்துக்கொள். இதற்குமேல் நான் சொல்லமாட்டேன். ஏன் பாதி தப்பியது என்று வாப்பாவிடம் நீ கேள்.

அந்தக் கப்பலில் வந்த ஒரு பச்சைக் களிம்புக் கட்டிதான் உலகப் புகழ். 1902-ல் மியூசியத்தைச் சேர்ந்த ஸ்தாயிஸ் என்பவர் அதற்குள் பல்சக்கரம் இருப்பதைக் கவனித்தார். கையால் சுற்றினால் சூரியன், சந்திரன் இருக்குமிடம், கிரகணம் வரும் காலம், நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வரும் விளையாட்டுப் போட்டி வரை காட்டுகிற யந்திரம். 30 சக்கரங்கள் மிஞ்சியிருக்கின்றன, பெரிய சக்கரத்துக்கு 223 பல். கிரகணங்கள் திரும்பி வருகிற சுற்று 223 சந்திர மாதம், அதனால் அந்தக் கணக்கு. நீ மோட்டார்மேன், என்னைவிட உனக்கு அது பேசும். பல்லைக் கையால் அரம் போட்டு வெட்டியிருக்கிறான் என்பதை நினைத்துக்கொண்டு பார். எனக்கு அங்கே பத்து நிமிஷம் போதுமாக இருந்தது, உனக்கு ஒரு மணி நேரம் ஆகலாம்.

போகிற வழி: பெராமாவில் இருந்து பஸ்ஸில் பிரேயஸ் ஸ்டேஷன். அங்கே ஒன்றாம் நம்பர் பச்சை லைன் ரயில் புறப்படுகிற இடம், உட்கார இடம் கிடைக்கும். ஒமோனியாவிலோ அடுத்த விக்டோரியாவிலோ இறங்கி நடக்கலாம். பர்ஸை முன் பாக்கெட்டில் வை. எனக்கு ஒரு தடவை ரயில் நெரிசலில் பின் பாக்கெட் காலியாகியிருக்கிறது. நவம்பரில் இருந்து மார்ச் வரை மாதத்தின் முதல் ஞாயிறு டிக்கெட் கிடையாது. குளிர்காலத்தில் சீக்கிரம் மூடுவார்கள், காலையிலேயே போய்விடு. பிளாஷ் போடாமல் போட்டோ எடுக்கலாம். ஆனால் சிலைக்கு முன்னால் நின்று அதே மாதிரி கையை நீட்டி போஸ் கொடுத்தால் காவலர் விரட்டுவார். பொசைடன் முன்னால் எல்லோருக்கும் கை அரிக்கும், கவனம்.

மலை? நேரம் இருந்தால் ஏறு. ரயில் தீசியோ பக்கம் வரும்போது ஜன்னலிலேயே தெரியும். அரை நாள் மிச்சம் என்றால் நான் மலைக்குப் பதில் பிரேயஸ் ஊருக்குள்ளேயே இருக்கிற சின்ன மியூசியத்துக்கு அனுப்புவேன். 1959-ல் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டியபோது வந்த வெண்கல அப்பல்லோவும் அதீனாவும் அங்கே நிற்கிறார்கள். துறைமுகப் பண்டகசாலையில் கப்பலுக்குக் காத்திருந்த சரக்காக இருக்கலாம் என்கிறார்கள். கடலுக்குப் போகாமலே தப்பியவர்கள். அபூர்வம்தான்.

வைகைமுகம்

தெற்குவாடி அண்ணன் அருமையாக எழுதியிருக்கிறார். ஆனால் ஒரு சண்டை போட்டே ஆக வேண்டும். நான் ராமநாதபுரத்தில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறவள்.

அண்ணே, அது சீயஸ்தான். ஆராய்ச்சியாளர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கம்தான். காரணம் எளிது. நீங்களே ஒரு மண்டாவைக் கையில் பிடித்து அந்த மாதிரி நின்று பாருங்கள். நீளமான ஆயுதம் முகத்துக்குக் குறுக்கே வரும். இவ்வளவு பாடுபட்டு முகத்தை வார்த்த சிற்பி அதை ஒரு கம்பால் மறைப்பானா? இடி என்றால் குட்டையானது, கைக்குள் அடங்கும்.

தம்பிக்கு: படிப்பில்லை என்று தயங்காதீர்கள். அந்த இடத்தில் நம் ஊர் ஆளுக்குப் புரிவது வேறு விதம். பளிங்குச் சிலைகளை அண்ணன் எழுத்தில் ஓடியே கடந்துவிட்டார். ஒரே ஒரு பெண்ணுக்கு முன்னால் மட்டும் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். பிரசிக்லேயா என்று பெயர். ஏறக்குறைய கி.மு. 550-ல் செய்தது, 1972-ல்தான் மண்ணுக்குள் இருந்து வந்தாள். தலையில் பூமுடி, கையில் விரியாத தாமரை மொக்கு, உடுப்பில் சிவப்புச் சாயம் இன்னும் ஒட்டியிருக்கிறது. கிரேக்கச் சிலை எல்லாம் வெள்ளை என்று நாம் நினைப்பது தப்பு, வண்ணம் பூசித்தான் வைத்தார்கள். கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்ணின் கல்லறைச் சிலை அது. கல்யாணத்துக்குப் பதில் தெய்வங்கள் எனக்குக் கன்னி என்ற பெயரைக் கொடுத்தன, என்றைக்கும் அப்படியே அழைக்கப்படுவேன் என்ற பொருளில் பீடத்தில் அவளே பேசுகிறாள். எங்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒரு முறை, கல்யாணம் ஆகாமல் போய்ச் சேர்ந்த என் அத்தைக்குச் சேலை, வளையல், பூ வைத்துக் கும்பிடுவோம். அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஊருக்குத் திரும்பினால் ஒரு நாள் ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசத்துக்கு வாருங்கள். வைகை கடலில் சேருகிற இடத்தை ஒட்டி அழகன்குளத்தில் தோண்டி எடுத்தவற்றை அங்கே பார்க்கலாம். 1986-87-ல் தொடங்கிப் பல கட்டமாகத் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தது. ரோமானியக் காசுகள், மத்தியதரைக் கடல் பக்கத்து மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள், கப்பல் படம் கீறிய ஒரு பானை ஓடு எல்லாம் கிடைத்தன. அன்டிகிதேரா கப்பலில் அடுக்கியிருந்த சாடிகளை ஏதென்ஸில் முழுசாகப் பார்ப்பீர்கள். அந்த இனத்துச் சாடியின் கைப்பிடித் துண்டுதான் நம் மணலில் கிடக்கிறது. யவனர் என்று நம் பழைய பாட்டில் வருவது அயோனியா என்ற கிரேக்கப் பகுதியின் பெயரில் இருந்து வந்த சொல்தான். யவனர் சாடியில் கொண்டுவந்த மதுவைப் பாண்டிய ராஜா குடித்தார் என்று பாட்டே இருக்கிறது.

இன்னொன்று வாப்பாவுக்காக. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் பெயர் தெரியாத ஒருவர் எழுதி வைத்த கடல் வழிக் குறிப்பில் நம் கொற்கை வருகிறது. முத்துக்குளிக்கும் வேலையைத் தண்டனைக் கைதிகளை வைத்துச் செய்தார்கள் என்று எழுதியிருக்கிறார்.

தெற்குவாடி

டீச்சர், மாடியில் போய் பேரன் கிரிக்கெட் ஸ்டம்பை எடுத்து நின்று பார்த்தேன். மூக்குக்குக் குறுக்கேதான் வருகிறது. சரி, சீயஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கால் மட்டும் கடல்காரன் கால்.

கைதிகளை வைத்துக் குளித்த சமாச்சாரம் எனக்குப் புதிது. அதை வாப்பாவிடம் பக்குவமாகச் சொல் தம்பி.

வத்தைக்காரர் மகன், கீழக்கரை

போய்விட்டு வந்தேன். எல்லோருக்கும் நன்றி. லேட்டாக எழுதுவதற்கு மன்னிக்கவும், திங்கள் காலையே பிஸ்டன் ஓவர்ஹால் ஆரம்பித்துவிட்டார்கள்.

டிசம்பர் முதல் ஞாயிறு என்பதால் டிக்கெட் இல்லை. ஒன்பது மணிக்கெல்லாம் உள்ளே இருந்தேன். அண்ணன் சொன்னபடி தங்கத்தைத் திரும்பிப் பார்க்காமல் போனேன். குழந்தைத் தகட்டுக்கு மட்டும் ஒரு நிமிஷம். பொசைடனோ சீயஸோ, அவன் முன்னால் ஒரு பெரியவர் கையை நீட்டி போஸ் கொடுத்தார், காவலர் அம்மா பாய்ந்து வந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

யந்திரத்துக்கு முன்னால் அண்ணன் சொன்ன ஒரு மணி நேரம் ஆகவில்லை, நாற்பது நிமிஷம். கண்ணாடிக்குள் ஒரு துண்டில் நாலு ஆரம் வைத்த சக்கரம் தெளிவாகத் தெரிகிறது. எங்கள் ஸ்டோரில் பழைய கியர் ஒன்று உப்புத்தண்ணீரில் ஊறி இதே பச்சையாகக் கிடக்கிறது, அதைத் தூக்கிப் போடச் சொன்ன ஆளே நான்தான். பக்கத்தில் புதிதாகச் செய்த மாதிரிகள் வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்தால்தான் எதற்குள் எது ஓடுகிறது என்பது பிடிபடுகிறது. பல் எல்லாம் முக்கோணமாக இருக்கிறது. இன்றைய கியர் பல்லின் வளைவு கிடையாது. ஓடும்போது கொஞ்சம் தட்டித்தட்டித்தான் ஓடியிருக்கும்.

டீச்சர், அந்தப் பெண்ணையும் பார்த்தேன். நீங்கள் எழுதியதைப் படிக்காமல் போயிருந்தால் சும்மா நடந்து போயிருப்பேன்.

மல்யுத்தப் பையனை எல்லாப் பக்கத்திலும் போட்டோ எடுத்தேன். மதியம் இரண்டு மணிக்கு வெளியே வந்து வாசல் தோட்டத்தில் உட்கார்ந்து வாப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே ஐந்தரை, ஜெட்டிப் பாலத்தில்தான் இருந்தார். வாடைக் காற்று போனில் இரைந்தது. போட்டோவை ஒவ்வொன்றாக அனுப்பினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். ஏன் பாதி தப்பியது என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார்: "இந்தப் பக்கம் மணல்ல புதைஞ்சு கிடந்திருக்கான். மணலுக்குள்ள இருக்கற சங்கு பழுதில்லாம வரும், மேல கிடக்கறதைத்தான் அரிச்சுப் போடும். அரிச்ச சங்குக்கு நாங்க விலை பேசமாட்டோம்." பக்கத்தில் இருந்த இரண்டு பேரிடமும் போனைக் காட்டி அதையே மறுபடி சொன்னார். மியூசியத்தில் எழுதியிருப்பதும் அதுதான், மணலுக்குள் இருந்த பக்கம் தப்பியது என்று. நான் அதைச் சொன்னபோது, "எழுதித்தான் தெரியணுமா" என்றார்.

25 பாகம் என்றேன். நம்பவில்லை. செம்புக் குடமும் காற்றுக் குழாயும் என்றதும், "அப்ப சரி" என்றார். கைதிகள் சமாச்சாரத்தைப் பக்குவமாகத்தான் சொன்னேன். "அப்பயும் குளிச்சவனுக்கு அந்த மரியாதைதான்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். சம்மாட்டி பெயர் என்ன என்று கேட்டார், கோண்டோஸ் என்றேன். முதலில் இறங்கியவன் பெயரும் சொன்னேன். "செத்தவன் பேரு?" என்றார். தெரியவில்லை. "உள்ள எழுதியிருப்பான், பார்த்துட்டு வா" என்றார். போனை வைத்துவிட்டுத் திரும்பி உள்ளே போய்த் தேடினேன். மூடுகிற நேர அவசரத்தில் என் கண்ணில் படவில்லை. மலைக்குப் போகவில்லை, ரயில் ஜன்னலில் பார்த்ததோடு சரி.

தெற்குவாடி

இரண்டு தடவை போயும் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை தம்பி. வாப்பாவுக்கு என் சலாம் சொல்.

வைகைமுகம்

யோர்கோஸ் கிரிட்டிகோஸ்.

வத்தைக்காரர் மகன், கீழக்கரை

சொல்லிவிட்டேன் டீச்சர். காது கேட்காத பக்கம் போனை வைத்திருந்தார் போல, மூன்று தடவை சொல்ல வேண்டியதாயிற்று. திருப்பிச் சொல்லிப் பார்த்தார், வாயில் நுழையவில்லை. தமிழில் எழுதி அனுப்பு என்றார். அனுப்பியிருக்கிறேன்.